வேதாளக் கதைகள் – ஞாயிறு கப்பன் பார்க்கில்

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி 18, ஞாயிறு காலை 9.30, பெங்களூரு கப்பன் பார்க் மூங்கில் தோப்பு அருகே விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளைச் சேர்ந்து படிக்கிறோம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.

1. மொத்தம் 25 கதைகள். பாதியை வீட்டிலேயே படித்துவிடுங்கள், முடிந்தால் ராத்திரியில், தனியாக, ஒரே மூச்சில். ஒவ்வொன்றும் புதிரில் வந்து நிற்பதாலும், ராஜா பதில் சொன்னதுமே வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடுவதாலும் புத்தகத்தைக் கீழே வைக்க மனசு வராது.

2. மீதியை பார்க்கில் ஆளுக்கொரு கதையாகச் சத்தமாக வாசிப்போம். புதிர் வந்ததும் நிறுத்திவிட வேண்டும், எல்லோரும் தங்கள் தீர்ப்பைச் சொன்ன பிறகுதான் ராஜாவின் பதில். தனியாகப் படித்தால் இந்த வாக்குவாதம் கிடைக்காது, எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான்.

3. கடைசிப் புதிரில் நடப்பதை யாரும் குழுவில் போட வேண்டாம், ப்ளீஸ். பிள்ளைகள் முதல்முறை கேட்கப் போகிறார்கள்.

4. ஞாயிறன்று பார்க்குக்குள் வண்டி விடமாட்டார்கள். மெட்ரோவே வசதி, பர்ப்பிள் லைன், கப்பன் பார்க் ஸ்டேஷன்.

அப்புறம், வியாழன் இரவுக்குள் எத்தனை பேர் வருகிறீர்கள், எந்தக் கதையை வாசிப்பீர்கள் என்று இங்கேயே பதில் போடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு வரிசை மாறுவதால் எண் வேண்டாம், கதை என்னவென்று ஒரு வரியில் சொன்னால் போதும்.