பட்டறைக்கு வந்த விண்ணப்பம்

அன்புள்ள மகனுக்கு,

உன் தச்சுப் பட்டறைக்கு வந்திருக்கும் விண்ணப்பத்தையும் அதனுடன் இருந்த தொழிற்பயிற்சிச் சான்றிதழையும் பார்த்தேன். ஏழு ஆண்டுகள் சிறையில் இருந்து, அங்கேயே மரவேலை கற்று, பள்ளித் தேர்விலும் தேறி வெளியே வந்திருக்கும் ஒருவரைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். சிறைக்குள் பத்தொன்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்பதால் நான் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பாய். அந்தச் சான்றிதழ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அவர் திருந்திவிட்டார் என்று அது சொல்லவில்லை. மனம் திருந்தியதா என்று நான் திருத்திப் பார்க்கும்படி ஒரு விடைத்தாளும் எனக்கு வந்ததில்லை.

ஆனால் சிறையில் ஒரு படிப்பை முடிப்பது என்றால் என்ன என்பது வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் புரியாது. சிறையில் ஆட்களை எண்ணும்போது கணக்கில் ஒன்று குறைந்தாலும் வகுப்பு நின்றுவிடும். அழைத்து வரக் காவலர் இல்லாத நாளில் வகுப்பே கிடையாது. பாதிப் பாடத்தில் வேறு சிறைக்கு மாற்றப்பட்டால், அங்கே அதே பயிற்சி இருக்குமா என்பது அவரவர் அதிர்ஷ்டம். இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை வெட்கம். என் வகுப்பில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர், புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் கண்ணாடி இல்லை என்று சொல்லி அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். அலுவலகத்தில் மூன்று முறை எழுதிக் கொடுத்து அவருக்குக் கண்ணாடி வாங்கித் தந்த பிறகுதான், அவருக்கு எழுத்தே தெரியாது என்பது எனக்கு உறைத்தது. ஊரார் முன்னிலையில் அவரை மாட்டிவைத்தது போல் ஆகிவிட்டதே என்று அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. அவர் மறுநாளும் வகுப்புக்கு வந்தார். அப்படி மறுநாளும் வந்தவர்கள்தான் கடைசியில் சான்றிதழ் வாங்கினார்கள்.

குற்றம் செய்தவருக்கு இலவசக் கல்வி எதற்கு என்று முன்பு என்னோடு வாதிட்டிருக்கிறாய். 1974-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மார்ட்டின்சன், மறுவாழ்வுத் திட்டங்களால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை என்று எழுதினார்; அதைப் பலரும் பிடித்துக்கொண்டார்கள். 1979-இல் அவரே தம் கருத்தைத் திருத்தி எழுதியபோது அதை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. பிறகு 2013-இல் ராண்ட் ஆய்வு நிறுவனம், அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சிறைக்குள் கல்வி பெற்றவர்கள் மீண்டும் சிறைக்குத் திரும்பும் வாய்ப்பு, பெறாதவர்களைவிட 13 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. வகுப்பில் சேர முன்வருபவர்களுக்குத் திருந்தும் முனைப்பும் முன்பே இருந்திருக்கலாம் என்று நீ சொல்லக்கூடும். அந்த ஐயம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆயினும் எழுத்தறியாத சிறைவாசிகளுக்கும் இளம் சிறைவாசிகளுக்கும் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் கூறுவது, முனைப்பு இல்லாதவரையும் விட்டுவிடக் கூடாது என்பதால்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கல்வி, நாட்டின் பொதுக் கல்வியோடு இணைந்திருக்க வேண்டும் என்றும், விடுதலைக்குப் பின் தடையின்றித் தொடர அது உதவும் என்றும் அதே விதி சொல்கிறது. நார்வேயில் சிறை ஆசிரியர்கள் சிறைத்துறை ஊழியர்கள் அல்லர். வெளியே உள்ள பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள். எங்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால், விடுதலையான என் மாணவர்களில் எத்தனை பேர் நடுவில் நின்ற படிப்பை முடித்திருப்பார்கள் என்று இன்றும் கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு.

அவரைச் சேர்த்துக்கொண்டால், சில காலம் உனக்குப் பொறுமை வேண்டும். எழுவது, உண்பது, உறங்குவது எல்லாவற்றையும் பிறர் தீர்மானித்த இடத்திலிருந்து வருபவர், சொல்லாத வேலையைத் தானாகத் தொடங்கத் தயங்குவார். அதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதே. குற்றத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதை நேர்காணலில் ஒரே முறை நேராகக் கேள், அதன்பின் பட்டறையில் அந்தப் பேச்சு எழ இடம் கொடுக்காதே. காவல் நிலையத்திலோ அதிகாரியிடமோ கையெழுத்திட வேண்டிய நாட்கள் இருந்தால், அவற்றை முன்கூட்டியே கேட்டு விடுப்புக் கொடு. கருவிகளைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம். ஒவ்வோர் உளியையும் எண்ணி அதனதன் இடத்தில் மாட்டிய பிறகே சிறைப் பட்டறையின் கதவு திறக்கும். அந்தப் பழக்கம் உன் ஆட்களுக்கும் வந்தால் நல்லதுதான்.

நேர்காணலின்போது இரண்டு மரத்துண்டுகளைக் கொடுத்து மூட்டுப் போடச் சொல். பொருந்தவில்லை என்றால், மற்றவர்களை அனுப்புவதுபோல் அவரையும் அனுப்பிவிடு. பொருந்தினால், மற்றவர்களுக்குக் கொடுக்கும் கூலியையே அவருக்கும் சொல்.

அன்புடன்,
அப்பா