அம்மாவோடு சேர்த்து என்னையும் பார்த்துக்கொண்டவர்களுக்கு

குமாரபாளையம்

அன்புள்ளவர்களே,

அம்மா போய் இன்றோடு நூறு நாள். காரியத்துக்கு வந்த எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டேன். உங்கள் நாலைந்து பேருக்கு மட்டும் அப்படிச் சொல்லி முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. பேர் போட வேண்டாம் என்று, வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்த நர்ஸ் சிஸ்டர் முன்னமே சொல்லிவிட்டதால் யார் பேரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

அம்மாவுக்கு மார்பில் புற்று. கட்டியாக இருந்தவரை, ஆம்பளப் பையனிடம் இதை எப்படிச் சொல்வது என்று மறைத்தே வைத்திருந்தார். அது உடைந்து சேலையில் கறை பட்ட பிறகுதான் எனக்குத் தெரியும். கீமோ ஊசி, கரண்ட் என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு என்று எட்டு மாதம் ஒரு மருத்துவமனைக்கு அலைந்தோம். எலும்புக்குப் பரவியதும், "இனி செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் அம்மாவை என் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தேன். செய்ய வேண்டியது அத்தனையும் அதற்கப்புறம்தான் இருந்தது என்பது அன்றைக்குத் தெரியாது.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியதை டிவியில் பார்த்திருக்கிறேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டிலேயே மாத்திரை தருவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு, நோய் குணமாகாவிட்டாலும் வலியையும் அவதியையும் குறைக்கும் நோய் ஆதரவு சிகிச்சை செய்யும் செவிலியரும் அதில் வருவார் என்று, அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை கொண்டுவந்த தன்னார்வலர் தங்கச்சி சொல்லித்தான் தெரிந்தது. வாசலில் நின்றபடியே போன் போட்டுப் பதிந்துவிட்டுப் போனாயே தங்கச்சி, முதல் நன்றி உனக்கு.

சிஸ்டர், நீங்கள் வந்த அன்று எங்கள் வீட்டில் நின்ற வாடை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. சொந்தக்காரர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். நானே மூச்சை அடக்கிக்கொண்டு சோறு ஊட்டியிருக்கிறேன், அம்மாவும் அதைப் பார்த்திருப்பார். நீங்கள் முகம் சுளிக்காமல் கிட்டே உட்கார்ந்து, மெட்ரோனிடசோல் மாத்திரையை நுணுக்கிப் புண்ணில் தூவிக் கட்டக் காட்டிக்கொடுத்தீர்கள். ஒரு வாரத்துக்குள் வாடை அடங்கியது. அம்மா பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

கட்டு மாற்ற முதலில் அம்மா என்னை விடவில்லை. எதிர்வீட்டு அக்கா, நீங்கள்தான் தினமும் காலையில் உங்கள் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து செய்தீர்கள். நான் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே நீங்கள் இரண்டு பேரும் சீரியல் கதை பேசுவது கேட்கும். ஒரு மாதம் கழித்து அம்மாவே, "இனி நீயே கட்டு சாமி, அவ பாவம்" என்றார். அன்றைக்கு என் கை நடுங்கியபோது நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள், ஒன்றும் பேசவில்லை. அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று உங்களிடம் இதுவரை சொன்னதில்லை.

வலிக்கு மார்ஃபின் மாத்திரை தந்தபோது மாமா ஒருவர், "போதை மருந்தையா பெத்தவளுக்குக் குடுக்கற?" என்று கேட்டுவிட்டார். இரண்டு நாள் கொடுக்காமல் வைத்திருந்தேன். அந்த இரண்டு ராத்திரி அம்மா முனகியதற்கு நான்தான் பொறுப்பு. வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அதற்கு அடிமையாவது அபூர்வம், மலச்சிக்கல் வரும், அதனால்தான் பேதி மருந்தும் கூடவே தருகிறோம் என்று சிஸ்டர் பொறுமையாக விளக்கிய பிறகே கொடுத்தேன். 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல காலம் இந்த மாத்திரை நம் ஊர் நோயாளிகளுக்கு எட்டாமலே இருந்ததையும், 2014-இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கியதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். அதற்காக வருடக்கணக்கில் போராடிய கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலை நான் நேரில் பார்த்ததில்லை. அம்மா வலியில்லாமல் தூங்கிய ராத்திரிகளுக்காக அவருக்கும் என் வணக்கம்.

மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 6, 10, பகல் 2, மாலை 6 மணிக்கு ஒவ்வொன்று. நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டாம் என்று இரவு 10 மணிக்கு மட்டும் இரண்டு. தறிப்பட்டறையில் வேலை செய்பவன் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் எப்படி வீட்டுக்கு வருவது? பக்கத்துத் தறிக்கார அண்ணா, உங்கள் தறியோடு என் தறியையும் பார்த்து, அறுந்த நூலை முடிந்து ஓட்டினீர்கள். ஆறு மாதத்தில் ஒருநாள்கூட அதைச் சொல்லிக்காட்டவில்லை. முதலாளி, உங்களிடம் நான் கடனாக வாங்கிய முன்பணம் பாக்கி இருக்கும்போதே கூலியைப் பிடிக்காமல் கொடுத்தீர்கள். நம் ஊரில் முன்பணம் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன்.

ஒரு ராத்திரி மூன்று மணிக்கு மூன்றாவது தடவையாகத் துணி மாற்றிவிட்டு வாசலில் வந்து நின்றபோது, "சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டாத் தேவலை" என்று மனசுக்குள் வந்துவிட்டது. என்னைப் பெற்றவரைப் பற்றி. நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் சிஸ்டரிடம் சொன்னேன். அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று சொல்வார், திட்டினால்கூட நல்லது என்று இருந்தேன். "கடைசியா எப்ப தம்பி முழுசாத் தூங்குனீங்க?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது நாள். "இத எங்கிட்டச் சொன்ன வீடு எத்தனையோ இருக்குதுங்க. சொல்லாத வீட்லயும் நெனச்சிருப்பாங்க" என்றார். திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். நாற்பது வயது ஆள் தெருப் பார்க்க அழுதேன். அவர் எழுந்து போகவில்லை.

போகிற வழியில் எதிர்வீட்டு அக்காவிடமும் டீக்கடை அண்ணனிடமும் பேசிவிட்டுப் போயிருக்கிறார். கேரளத்தில் அக்கம்பக்கத்து ஆட்களே பழகிக்கொண்டு இப்படி முறை வைத்துப் பார்ப்பார்களாம். அந்த வாரத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி அம்மா பக்கத்தில் அக்கா படுத்துக்கொண்டார். நான் டீக்கடை மாடியில் போய்த் தூங்கினேன். காலையில் எழுப்பி டீ கொடுத்துவிட்டு, அண்ணன் என்னிடம் அம்மாவைப் பற்றி எதுவும் கேட்க மாட்டார். கிரிக்கெட் பேசுவார். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது.

அம்மா ஒரு வியாழக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குப் போனார். பவானி கூடுதுறையில் அஸ்தி கரைத்தேன், கருமாதி முடிந்தது. எனக்குள் ஒன்று மட்டும் முடியவில்லை. பத்து மணிக்கு நான் கொடுத்த இரண்டு மாத்திரைதான் மூச்சை நிறுத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

கருமாதிக்கு அடுத்த வாரம் சிஸ்டர் வந்தார். இனி இங்கே யாருக்கு என்ன பார்க்க வருகிறீர்கள் என்று கேட்டேன். "உங்களத்தான்" என்றார். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் வகுத்துச் சொன்னபோதே, இந்த சிகிச்சை நோயாளிக்கும் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான், இழப்புக்குப் பிறகும் குடும்பத்துக்குத் துணை நிற்க வேண்டும் என்று இருக்கிறதாம். மீந்த மாத்திரைகளை எண்ணி, எழுதி, திரும்ப வாங்கிக்கொண்டார். அப்போது சொல்லிவிட்டேன். அவர் மாத்திரை நோட்டை எடுத்து வரச் சொன்னார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "நீங்களே வாசிங்க" என்றார்.

என் கையெழுத்துதான். இரவு 10 மணி, 1 மாத்திரை.

அம்மாவுக்குச் சிறுநீர் குறைந்ததும் சிஸ்டர் டாக்டரிடம் கேட்டு அளவைப் பாதியாக்கியிருந்தார். நாலு நாளாக நான் ஒன்றுதான் கொடுத்து, ஒன்று என்றுதான் எழுதியும் இருக்கிறேன். என் நினைவில் மட்டும் அது இரண்டாகிவிட்டது. பாதம் சில்லிட்டது, மூச்சு விட்டுவிட்டு வந்தது, எல்லாம் முந்தின நாள் மத்தியானமே தொடங்கியதையும் அதே நோட்டில் காட்டினார். மூன்று தடவை வாசித்தேன். அன்றைக்கு ராத்திரி தூங்கினேன்.

சிஸ்டர், அந்த நோட்டை நான் எரிக்கவில்லை.

எதிர்வீட்டு அக்கா, உங்கள் தூக்குவாளி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்வார். எனக்கு அரிசிம்பருப்புச் சோறு மட்டும்தான் ஒழுங்காக வைக்க வரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொண்டுவருகிறேன், நீங்கள் எதுவும் சமைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தெருப் பையன்