அந்த ஹெடரைக் கழற்றப் போகிறேன்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள ரவி,

நாலு மாதமாய் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. போனில் நீ கூப்பிட்டபோதெல்லாம் வேலை, வேலை என்று சொல்லித் தப்பித்தேன். வேலையாவது மண்ணாவது. "கார்புரேட்டரை என்ன வேணா பண்ணு, எக்ஸாஸ்ட்ல மட்டும் கை வைக்காதே" என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். வைத்துவிட்டேன். அதை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டுதான் ஒளிந்து திரிந்தேன்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி பழையபடி. சின்னவன் பி.காம். பாஸ் பண்ணிவிட்டான், யாரும் எதிர்பார்க்கவில்லை, அவன் உட்பட. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம பாஸ்கர் விட்டுப்போன எம்ஜிபி காரின் கார்புரேட்டர் இரண்டிலும் ஸ்பின்டில் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தது உனக்குத் தெரியும். ஐடிலில் நிற்காமல் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும். முதலில் எனக்கும் வெபர் கார்புரேட்டர் ஆசை வந்தது. 45 டிசிஓஇ ஒன்றைப் போட்டுவிட்டால் பாஸ்கர் ஆத்மா சாந்தியடையும் என்று கணக்குப் போட்டேன். விலையைக் கேட்டதும் அவன் ஆத்மா கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பழைய எஸ்.யூ. எச்எஸ்4 ஜோடியையே புது புஷ், புது ஜெட், கொஞ்சம் தாராளமாய்ப் பெட்ரோல் விடும் ஊசி போட்டு ரீகண்டிஷன் செய்தோம். அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. காற்றுக்கு அகலமான காட்டன் ஃபில்டர், புகைக்கு நீளக் குழாய் ஹெடர் என்று இரண்டையும் சேர்த்து வாங்கினேன். எல்லாமாக 80,000 ரூபாய். வீட்டில் சொன்ன தொகை வேறு. நீயும் அதையே சொல்.

வேலை முழுக்க ரஹீம் பாய் பட்டறையில்தான். அம்பாசடர் இன்ஜினும் எம்ஜிபி இன்ஜினும் ஒரே பி-சீரிஸ் வம்சம் அல்லவா, அது 1489 சிசி, இது 1798. பானெட்டைத் திறந்ததும், "நம்ம அம்பாசடர் பெரிய வீட்ல பொறந்திருந்தா இப்படி இருந்திருக்கும் தம்பி" என்றார். ஆனால் இரண்டு கார்புரேட்டர் அவருக்கும் கொஞ்சம் புதுசு. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் மாற்றி மாற்றிப் பிடித்து, 'ஸ்ஸ்' சத்தம் இரண்டிலும் ஒன்றாகும்வரை திருகைத் திருப்பினார். இரட்டைப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி, ஒன்றுக்கு ஒரு வாய் கூடினாலும் மற்றது அழுகிறது.

எல்லாம் மாட்டி வெளியே எடுத்தால் வண்டி முன்னைவிட மோசம். ஐம்பதைத் தாண்டினால் மூச்சு வாங்குகிறது. ஊசி தப்போ என்று கழற்றினோம். டைமிங் பார்த்தோம். கார்புரேட்டர் தலையில் எண்ணெய் ஊற்றும் டாஷ்பாட்டில் நான் வீட்டுத் தையல் மெஷின் எண்ணெயை ஊற்றியிருந்தேன், அது ரொம்பத் தண்ணி என்று பாய் திட்டிவிட்டு 20 நம்பர் ஆயில் ஊற்றினார். பெட்ரோலையும் விடவில்லை. இப்போது பங்கில் வருவதெல்லாம் 20 சதவீதம் எத்தனால், மிக்ஸ்சரில் பெட்ரோல் பற்றாமல் லீனாகத்தான் போகும் என்று கலவையை இன்னும் கூட்டினோம். மூன்று வாரம் ஓடிப்போனது.

கடைசியில் ஒரு நாள் மத்தியானம் பாய் கார்புரேட்டர் வாயில் விரலை விட்டு, காற்று இழுக்க இழுக்க மேலே ஏற வேண்டிய அதன் பிஸ்டனைத் தூக்கினார். விட்டார். 'டொக்'கென்று அழகாக விழுந்தது. "இது நல்லா விழுது. ஏறத்தான் மாட்டேங்குது" என்றார். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால், அந்த வாயின் விளிம்பில் மிளகு நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டை இருக்குமே, பிஸ்டனுக்குக் கீழே வெளிக்காற்று போகிற வழி? அதை கேஸ்கெட் அடைத்துக்கொண்டிருந்தது. அந்த ஓட்டைக்கு நேராக கேஸ்கெட்டிலும் ஓட்டை இருக்கிறது. தலைகீழாக வைத்திருந்ததால் அது வேறு பக்கம் போய்விட்டது. அடியில் காற்று இல்லாவிட்டால் பிஸ்டன் எதை நம்பி மேலே ஏறும்? வைத்த மகராசன் யார் என்று கேட்காதே. பாய் அன்றைக்கு டீ குடிக்கப் போயிருந்தார்.

திருப்பி மாட்டியதும் பறந்தது, ரவி. அதை மட்டும் நம்பு. கன்னியக்கோயில் தாண்டி மூன்றாவது கியரில் மிதித்தேன், எனக்கு இருபத்திரண்டு வயசு ஆனது.

ஆனால் ஹெடர் வேறு கதை. இந்த இன்ஜினில் காற்று போவதும் புகை வருவதும் ஒரே பக்கம். இன்லெட் ஃப்ளான்ஜையும் எக்ஸாஸ்ட் ஃப்ளான்ஜையும் ஒரே வாஷர்தான் சேர்த்துப் பிடிக்கிறது. புது ஹெடர் ஃப்ளான்ஜ் மெலிசு, எவ்வளவு முறுக்கினாலும் ஒரு பக்கம் புஸ் புஸ் என்று புகை கசிந்தது. பாய் வாஷரை அரைவட்டம் அரைவட்டமாக அரம் போட்டுப் படி வெட்டினார், அரை நாள். அப்புறம் ஹெடர் உட்கார இடமில்லை என்று கார்புரேட்டருக்குக் கீழே இருக்கும் ஹீட் ஷீல்டின் ஓரத்தை நானே வெட்டினேன். ஆமாம், ஒரிஜினல் ஷீல்டை. திட்டு.

அதற்குக் கூலி முள்ளோடையில் கிடைத்தது. வழக்கம்போல் பாண்டிச்சேரி விலைக்கு டேங்க்கை நிரப்பிவிட்டு சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகவில்லை. கீழே குழாய் தணலாய்க் கொதிக்க, மேலே பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரில் அது ரசம் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. பங்க்குக்குப் பக்கத்தில் என்ன கடை இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு குவார்ட்டர் நண்பர்கள் ஓடிவந்து, "அண்ணே, ஓவரா? நீங்க உக்காருங்க, நாங்க தள்றோம்" என்று தள்ளினார்கள். நான் சுத்த சுயம்பிரகாசமாய் ஸ்டியரிங்கில். என் ஆபீஸ் பையன் பைக்கில் போனவன் பார்த்துவிட்டு வணக்கம் வைத்தான். கால் மணி நேரம் கழித்து, ஆறினதும், ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி ஸ்டார்ட் ஆனது.

பலம் கூடியதா என்று கேட்பாய். பாய் சொன்னது: ஹெடருக்கு முன் இருந்த அந்தப் பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டே நல்ல வேலைப்பாடு, இந்தக் குழாயால் கூடினது சத்தம் மட்டும். கடல் காற்றில் மூன்று மாதத்தில் பெயின்ட் உரிந்து துருவும் பூத்துவிட்டது.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். போன ஞாயிறு முத்தியால்பேட்டைக்குப் போனேன், பாஸ்கர் வீட்டு மல்லிகாவைப் பார்க்க. முன்னெல்லாம் நான் தெரு முனை திரும்பும்போதே அவள் கேட்டில் வந்து நிற்பாள், கவனித்திருக்கிறாயா? நான் வண்டியை நிறுத்துவதற்குள் கேட் திறந்திருக்கும். இந்தத் தடவை நான் இறங்கி, காலிங் பெல் அடித்து, நின்றேன். வெளியே வந்து வண்டியைப் பார்த்துவிட்டு, "நீங்களாண்ணா? ஏதோ புல்லட் போவுதுன்னு நெனச்சேன்" என்றாள். அப்புறம் காப்பி போடப் போய்விட்டாள். போனவள் கொஞ்ச நேரம் திரும்பவில்லை.

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஐம்பதைத் தாண்டவில்லை.

பழைய மேனிஃபோல்டு என்னிடம்தான் இருக்கிறது, கிரீஸ் தடவி சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில். பழைய இரும்புக்காரரிடம் போட இரண்டு தடவை முயற்சி நடந்தது, நான் குறுக்கே படுத்தேன். கார்புரேட்டரும் ஃபில்டரும் இருக்கட்டும், அவை பாஸ்கருக்கும் பிடித்திருக்கும். குழாய் போகிறது. ஆனால் ஷீல்டு இல்லாமல் பழையதை மாட்டினாலும் முள்ளோடைக் கதைதான். ஆகவே உன் பட்டறையில் ஒன்று அடித்துக் கொடு. இரண்டு மில்லிமீட்டர் அலுமினியம் போதும். வெட்டின ஷீல்டைக் காகிதத்தில் வைத்து வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன், நான் வெட்டின ஓரத்தைப் புள்ளிக் கோடாகப் போட்டிருக்கிறேன். ஸ்டட் ஓட்டையெல்லாம் அரை மில்லி பெரிதாகவே இருக்கட்டும், என் அளவை அவ்வளவு நம்பாதே.

பொங்கலுக்கு நீயே எடுத்துக்கொண்டு வா. பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியில் வருகிறேன், தள்ளத் தயாராய் இரு.

உன்,
குமார்