மலை தெரியும் மாதம்

ஆயர் ஈத்தாம்,
பினாங்கு.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு என்னால் அப்போதே பதில் சொல்ல இயலவில்லை. பாட்டியின் நினைவாக நான் கணினியில் வரைந்து அனுப்பிய படத்தை மூலை முடுக்கெல்லாம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மரம் இருக்கிறது, மலை இருக்கிறது, பால் பிடிக்கும் மங்குகூட இருக்கிறது, பாட்டி எங்கே அம்மா?" என்று கேட்டாய். திரைப்படங்களுக்குப் பின்னணிக் காட்சிகள் வரைவதையே தொழிலாகக் கொண்ட நீ கேட்டதால், அந்தக் கேள்வியை எளிதில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. பேச்சில் சொன்னால் சிதறிவிடும் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

மெல்பர்னுக்குப் புறப்பட்டபோது நீ விட்டுச்சென்ற கணினி வரைபலகையையும் பேனாவையும் பணி ஓய்வு பெற்ற பிறகுதான் நான் கையில் எடுத்தேன். முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தவளுக்கு, என்னை ஓவியம் வரைகிறவளாக ஆக்கியவர்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்ற குறை உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு நிலக்காட்சி வரைவது என்று முடிவு செய்தேன். முகம் வரையலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பாட்டிக்கு இளவயதில் எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அடையாள அட்டைக்காக எடுத்தது. அதில் அவர் ஏதோ ஓர் அலுவலகத்தின் நாற்காலியில், முன்பின் தெரியாத ஒருவர் "அசையாதே" என்று சொன்னதற்குப் பயந்து விறைத்து அமர்ந்திருக்கிறார். அதைப் பார்த்து வரைந்தால் அந்தப் பயத்தைத்தான் என்னால் வரைய முடியும். பாட்டி பயமின்றி நின்ற இடம் ஒன்று உண்டு. அது சுங்கை பட்டாணிக்கு அருகில் அவர் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்த, தோட்டத்தில் அவருக்கென்று ஒதுக்கிய மர வரிசை, அவருடைய நிரை.

அந்த நிரையை இன்று போய்ப் பார்க்க முடியாது. தோட்டத்தின் ஒரு பகுதி செம்பனையாகவும் மறுபகுதி வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டது. ஆகவே நினைவிலிருந்துதான் கட்ட வேண்டியிருந்தது. நினைவில் பிழை இருக்கும் என்பதால் அதைச் சரிபார்க்க அளவுகளும் தேவைப்பட்டன. இந்த இரண்டையும் சேர்ப்பதற்குக் கணினியைப்போல் உதவக்கூடிய கருவி வேறில்லை என்பதை இந்த ஏழு மாதங்களில் உணர்ந்தேன்.

முதலில் மலை. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ராடார் மூலம் பூமியின் நிலப்பரப்பில் பெரும்பகுதியின் உயரத்தை அளந்தார்கள் என்பதும், ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் அந்த அளவுகள் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன என்பதும் உனக்குத் தெரிந்ததே. கெடாவின் அந்தப் பகுதியை இறக்கிப் பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் ஏற்றியபோது, 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் என் திரையில் எழுந்து நின்றது. தோட்டம் இருந்த இடத்தில் கேமராவை வைத்து வடக்கே திருப்பினேன். இடப்பக்கம் மெல்லச் சரிந்து, உச்சிக்கு அருகில் தோள்போல் ஒரு மேடு தாங்கிய அந்த உருவத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது. நான் அழுததை அப்பா பார்த்துவிட்டார். தொலைவிலுள்ள மலைக்கு 30 மீட்டர் நுணுக்கம் தாராளமாகப் போதும். அருகிலுள்ள தரைக்கு அது எதற்கும் உதவாது. ஆகையால் மலை அளவையிலிருந்து வந்தது; மரங்களும் சருகும் செம்மண்ணும் கிரீட்டா என்னும் ஓவிய மென்பொருளில் என் கையால் வந்தவை.

அடுத்தது வெளிச்சம். நிலக்காட்சி வரைகிற பலரும் மாலை வெயிலின் பொன்னிறத்துக்கு மயங்குகிறார்கள். பாட்டிக்கு அந்த ஒளி பொருந்தாது. இரவு முழுவதும் மரம் நீரேற்றி விம்மியிருக்கும் என்பதால் விடியலில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறி இலைகள் நீரை வெளிவிடத் தொடங்கியதும் பட்டைக்குள் இருக்கும் குழாய்களின் அழுத்தம் குறைந்து ஓட்டம் தளர்ந்துவிடும். அதனால்தான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இருட்டிலேயே நடந்தது. பாட்டி நெற்றி விளக்கோடு வேலையைத் தொடங்கினார். அவருடைய நிலக்காட்சி எப்போதும் காலைதான். "ஏழே காலுக்குத்தான் வெயில் மரத்தைத் தொடும்" என்று அவர் சொல்வார். எனக்கு ஒன்பது வயதான 1974 பிப்ரவரியில் ஒரு நாளைத் தேர்ந்து, இடத்தையும் 7.15 என்ற நேரத்தையும் கொடுத்துச் சூரியனை வைத்தபோது திரை மங்கலாகவே இருந்தது. பாட்டி தவறாகச் சொல்லிவிட்டாரோ என்று ஒரு மாலை முழுவதும் குழம்பினேன். பிறகுதான் நினைவு வந்தது: 1982 ஜனவரி 1 அன்றுதான் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. பாட்டியின் ஏழே கால் இன்றைய ஏழே முக்கால். நேரத்தைத் திருத்தியவுடன் ஜெராயின் வலப்பக்கச் சரிவில் வெளிச்சம் வந்து விழுந்தது. பள்ளிக்கூடம் பார்க்காத பாட்டி சொன்ன நேரம் அத்தனை துல்லியமாக இருந்தது, மகளே. இதை உன்னிடம் சொல்வதற்காகவே ஒரு கடிதம் எழுதியிருப்பேன்.

பிப்ரவரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அது பால்மரம் இலை உதிர்க்கும் காலம். இலைகள் மஞ்சளும் ஆரஞ்சும் செம்பழுப்புமாக மாறி விழும். நீ உன் தொலைபேசியில், "நிறங்கள் அபாரம் அம்மா" என்று பாராட்டியது அவற்றைத்தான். அந்த நிறங்களை நான் முதலில் அழித்துவிட்டேன் என்பதை உன்னிடம் சொல்லவில்லை. இலை கொட்டும் காலத்தில் பால் குறையும். பால் குறைந்தால் கூலி குறையும். தோட்டத்துக் கடையில் அரிசியைக் கடனுக்கு எழுதி வாங்கும் மாதங்கள் அவை. பாட்டியின் வயிறு சுருங்கிய பருவத்தை அழகுக்காக வரைவது நன்றி ஆகுமா என்று தோன்றவே, மரங்களை மீண்டும் பச்சையாக்கி, கிளைகளை அடர்த்தியாக்கினேன். அப்படிச் செய்ததும் மலை மறைந்துவிட்டது. இலை அடர்ந்த காலத்தில் நிரைக்குள் நின்றால் மரங்களைத் தவிர வேறெதுவும் தெரியாது என்பதை நான் மறந்திருந்தேன். பாட்டி அந்தப் பருவத்தை, "மலை தெரியுற மாசம்" என்றுதான் சொல்வார். கடன் வாங்கும் மாதம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. காலடியில் சருகு நொறுங்க நடந்து, காண்டா என்னும் தோள்கழியில் தொங்கிய வாளிகளை இறக்கி வைத்து, இடுப்பில் கையூன்றி அவர் அந்த மலையைப் பார்த்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே சிவப்பு இலைகளைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஆனால் மங்குகளில் பாலைக் கால் அளவுக்கு மேல் வரையவில்லை. பார்க்கிறவர்களில் பலர் அதைக் கவனிக்கமாட்டார்கள். நீ கவனித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

சொற்களைக் கொடுத்தால் படம் தரும் செயலி ஒன்றில் நீ உருவாக்கி அனுப்பிய ரப்பர் தோட்டப் படத்தையும் பார்த்தேன். அன்போடு செய்தாய், அதை நான் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் வெட்டுக் கோடு மரத்தைச் சுற்றி நேர்க்கிடையாக ஓடுகிறது. உண்மையில் அது இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரியும், ஏனென்றால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் செங்குத்தாக இல்லாமல் சற்று வலப்புறம் சாய்ந்து மேலேறுகின்றன. அவற்றுக்குக் குறுக்கே அப்படிச் சரித்து வெட்டினால்தான் கூடுதலான குழாய்கள் திறக்கும். பட்டைக்கு உள்ளே இருக்கும் மரத்தைத் தொட்டுக் காயப்படுத்திவிடாமல், அந்தச் சரிவைக் கைவிடாமல், மெல்லிய சீவலாக எடுப்பதற்குப் பாட்டி வாழ்நாளெல்லாம் பழகினார். அவருடைய ஓவியம் அந்தக் கோடுதான் என்று நான் நினைக்கிறேன். அதைத் தவறாக வரைந்த படத்தை அவருக்குக் காணிக்கையாக வைக்க என்னால் முடியாது. என் படத்தில் முன்னால் நிற்கும் மரத்தின் வெட்டை மட்டும் பதினொரு முறை அழித்து வரைந்தேன்.

இரண்டாவது படம், பினாங்குத் தீவின் கொடிமலையும் மேகமும், பினாங்கின் நீர்வண்ண ஓவியர்கள் இருவருக்கானது. யோங் முன் சென் 1896இல் கூச்சிங்கில் பிறந்து, பின்னர் பினாங்கில் நிழற்படக் கூடம் நடத்தியவர். அப்துல்லா அரிப் ஓவிய ஆசிரியராக இருந்தவர். இருவரும் 1962இல் மறைந்தார்கள். நம் வட்டாரத்தில் நீ பேருந்தில் போய்வந்த ஜாலான் அப்துல்லா அரிப் அவர் பெயரைத் தாங்கியதுதான். இருவரின் ஓவியங்களையும் முதன்முதலில் நேரில் பார்த்த அன்று, ஈரமான நம் ஊர்க் காற்றையும் தாளில் கொண்டுவர முடியும் என்று எனக்குத் தெரிந்தது. நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது வண்ணம் தொடாமல் விட்ட தாள். கணினியில் வெள்ளையைக் கடைசியில்கூட ஒரு தீற்றலில் சேர்த்துவிடலாம். பிழை செய்தால் பின்னோக்கிச் சென்று திருத்தலாம். அந்த வசதி அவர்களுக்கு இல்லை. எனவே மேகத்துக்கு வெள்ளைத் தூரிகையைப் பயன்படுத்துவதில்லை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். அடிப்படை லேயரின், அதாவது படத்தின் அடி அடுக்கின், வெண்மையை விட்டுவைத்து, அதைச் சுற்றி மட்டும் வண்ணம் ஏற்றினேன். கீழுள்ள நிறத்தைக் கருமையாக்கும் பெருக்கல் முறையில் மெல்லிய சாம்பல் நீலத்தை லேயர் லேயராக இட்டபோது, பின்னாலுள்ள முகடுகள் காற்றில் கரைந்து போயின. மூன்று வாரம் எடுத்தது. மென்பொருளின் மூடுபனி வசதியில் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அவர்களிடமிருந்து நான் கற்றது பொறுமையாக விட்டுவைப்பதையே.

மூன்றாவது, மெர்போக் ஆற்றின் கண்டல் காடு. கரித்துண்டைக் கையில் கொடுத்து, "நிழலை முதலில் பார்" என்று சொன்ன என் ஐந்தாம் ஆண்டு ஆசிரியருக்கானது. அவர் எங்களை ஒருமுறை அங்கே அழைத்துப் போனார். அது இன்னும் முடியவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பாட்டியின் உயரம் 147 சென்டிமீட்டர் என்பது அவருடைய பழைய மருத்துவ அட்டையில் இருந்தது. நிமிர்ந்து நின்றால் அவர் கண்மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ 137 சென்டிமீட்டர். பிளெண்டரில் கேமராவை அந்த உயரத்தில்தான் வைத்தேன். கண்மட்டம் எதுவோ அதுவே படத்தில் தொடுவானம் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ வழக்கமாக வைக்கும் உயரத்தில் வைத்திருந்தால் மங்குகளின் உட்புறம் நன்றாகவே தெரிந்திருக்கும். இந்தப் படத்தில் பெரும்பாலான மங்குகளின் விளிம்புகள் மட்டும் தெரிவதற்கும், மரங்கள் சற்று அதிகமாகவே ஓங்கி நிற்பதற்கும் அதுதான் காரணம். வாளிகள் இரண்டும் இடக்கீழ் மூலையில் தரையில் இருக்கின்றன. அவற்றை அப்போதுதான் இறக்கி வைத்தவர், முதுகை நிமிர்த்தி, மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

படத்தை அச்சிடப் போகிறேன். ஏ2 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 7016க்கு 4961 என்ற கணக்கில் கோப்பு தயாராக உள்ளது. ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில் மாதிரி எடுத்துப் பார்த்தபோது திரையில் ஒளிர்ந்த செம்மஞ்சள் தாளில் மங்கிவிட்டது. நிழல் பகுதியில் மரப்பட்டையின் கோடுகள் அடைந்துபோயின. அச்சு மையால் எட்ட முடியாத நிறத்தை நான் திரையை நம்பித் தேர்ந்துவிட்டேன் என்று புரிந்துகொண்டு, இலைகளின் செறிவைக் குறைத்து, நிழல்களைச் சற்றுத் திறந்திருக்கிறேன். பருத்தித் தாளில் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை உனக்கு அஞ்சலில் அனுப்புவேன். சுவரில் மாட்டும்போது, தொடுவானக் கோடு தரையிலிருந்து 137 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள். நீ பாட்டியைவிட நல்ல உயரம். சற்றுக் குனிந்துதான் பார்க்க வேண்டியிருக்கும்.

வலக்கீழ் மூலையில் கிடக்கும் சருகுகளின் நிறம் எனக்கு இன்னும் நிறைவாக இல்லை. ஈரச் சருகுக்கும் காய்ந்த சருகுக்கும் உள்ள வேறுபாடு அங்கே வரவில்லை. விடியற்காலையில் மேலே கிடப்பவைகூடப் பனியில் நனைந்திருக்க வேண்டும். லேயர்களை ஒன்றாக்காமல் கோப்பை அப்படியே அனுப்பியிருக்கிறேன். படத்தை அச்சுக்குக் கொடுப்பதற்குமுன் இந்த வார இறுதிக்குள் நீ பார்த்துச் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா