பென்சில் சீவி வைத்திருக்கிறேன்

மூணார்
ஞாயிறு

பாப்பாவுக்கு,

அம்மா நலம். மழை விடவில்லை, கொளுந்து வேலை பாதி நாள்தான். நீ போன் எடுத்துப் பன்னிரண்டு நாளாகிறது. வேலை இருக்கும், கேட்கவில்லை.

உன் கார்டு விஷயம் தெரிந்ததும், 1957 அமெரிக்க மகளிர் ஓப்பன் கோல்ஃப் போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. 1946-ல் ஸ்போக்கேனில் அந்தப் போட்டி தொடங்கி பேட்டி பெர்க் ஜெயித்தபோது ஆளுக்கு ஆள் மோதுகிற ஆட்டம். மறு வருஷத்திலிருந்து அடி எண்ணுகிற ஆட்டம், குறைவாக அடித்தவருக்கே கோப்பை. அப்போதிருந்து குழிக்குக் குழி அடியை எழுதுகிற கார்டுதான் எல்லாம்.

1957-ல் நியூயார்க் பக்கம் விங்டு ஃபுட் மைதானம். ஹவாய்க்காரர் ஜாக்கி பங் கடைசிச் சுற்றில் 72 அடித்தார், மொத்தம் 298. பெட்ஸி ராவ்ல்ஸ் 299. ஜாக்கிக்குத்தான் கோப்பை என்று எல்லாரும் இருந்தார்கள். நான்காம் குழியில் அவர் எடுத்தது 6. அவருக்கு மார்க்கராக, அதாவது கூட ஆடிக்கொண்டே அவர் கார்டை எழுதுகிறவராக, இருந்த பெட்டி ஜேம்சன் 5 என்று எழுதிவிட்டார். ஜேம்சனுக்கும் அங்கே 6தான். ஜாக்கியும் அவருக்கு 5 போட்டிருந்தார். கீழே 72 என்ற கூட்டுத்தொகை மட்டும் சரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று, இருவரும் வெளியே. ஜேம்சன் யார் தெரியுமா? 1947-ல் 295 அடித்து, 72 குழியில் 300-க்குக் கீழே வந்த முதல் பெண். அந்தக் கையும் தப்பாக எழுதியது, பாப்பா.

கோப்பை பெட்ஸிக்குப் போனது. 1953-லும் சமநிலைக்குப் பிறகு நடந்த ஆட்டத்தில் ஜாக்கி அவரிடம்தான் 71-க்கு 77 என்று தோற்றிருந்தார். 57-ல் மைதானத்து உறுப்பினர்கள் ஜாக்கிக்காகக் கையிலிருந்து பணம் போட்டார்கள். முதல் பரிசு 1,800 டாலரைவிட அதிகமாகவே சேர்ந்தது. யாரும் அவரைக் கள்ளி என்று சொல்லவில்லை. இதை இரண்டு முறை படி.

கூட்டல் கமிட்டியின் பொறுப்பு. குழிக்குக் குழி எண் உன் பொறுப்பு. ஒரு குழியில் அடித்ததைவிட அதிகமாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த எண்ணே நிற்கும், குறைத்து எழுதினால் வெளியேதான். தப்பு வருகிற இடம் எப்போதும் ஒன்றுதான்: இரண்டு பேரும் புதருக்குள் பந்து தேடி, அபராத அடி வாங்கி, அவரவர் எரிச்சலில் இருக்கும் குழி. பத்தாம் டீயில், அதாவது பத்தாம் குழிக்கு முதல் அடி அடிக்கும் இடத்தில், தொடங்கினால் கார்டில் முன் ஒன்பதும் பின் ஒன்பதும் இடம் மாறும். அதனால் குழியைச் சுற்றிய கிரீனை விட்டு இறங்கியதும் எண்ணை வாய்விட்டுச் சொல். அடுத்த டீயில் அடிப்பதற்கு முன் எழுது. பேனா வேண்டாம், ஈரக் கார்டில் மை பிடிக்காது. அழித்துத் திருத்தாதே, கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுது. கார்டு கொடுக்கிற கூடாரத்தில் உட்கார்ந்ததும் மொத்தத்தைப் பார்க்காதே. ஒவ்வொரு குழியாக விரல் வைத்து மார்க்கரோடு படி. பிறகுதான் கையெழுத்து.

பக்கத்து லயத்துத் தம்பி போனில் பட்டியலைக் காட்டினான். எல்லார் பெயருக்கும் நேரே எண் இருந்தது. உன் பெயருக்கு நேரே DQ என்று இரண்டு எழுத்துதான், தகுதி நீக்கம். முதல் நாள் நீ 70 அடித்ததையும் அதே பட்டியலில் பார்த்தேன். அந்த மைதானத்தில் 70! யாரிடம் சொல்லவில்லை நான்? என்னிடம் நீதான் சொல்லவில்லை.

ஜூனியர் ஆட்டங்களில் உன் கார்டை நான்தான் சரிபார்த்தேன். "இங்கே கையெழுத்துப் போடு" என்று நீட்டுவேன், நீ பார்க்காமலே போடுவாய். வெயிலில் களைத்த பிள்ளை என்று விட்டேன். ஸ்விங்கைக் கற்றுக்கொடுத்தேன், கார்டைக் கற்றுக்கொடுக்கவில்லை. இது என் தப்பு, உன்னுடையதில் பாதிக்கு மேல் என்னுடையது.

பார்சலில் நான்கு 2பி பென்சில் சீவி வைத்திருக்கிறேன், பிளாஸ்டிக் உறையும். எண்ணை வாய்விட்டுச் சொல். அம்மாவிடமாவது பேசு. அடுத்த தகுதிச் சுற்றுக்கு எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று மட்டும் எழுது.

அப்பா