படத்தில் ஒரு நாற்காலி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வரைந்து அனுப்பிய அறைப் படம் கிடைத்தது. 12 அடி நீளம், 10 அடி அகலம், கதவு, ஜன்னல், அலமாரி என்று எல்லாவற்றையும் அளவோடு போட்டிருக்கிறாய். அளவெடுக்கிற கை என்னுடையது என்று அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "ஒரு நாற்காலிதான் போட்டிருக்கிறாள்" என்றாள். போன வீட்டுப் படத்தில் சோபா இருந்தது.

சரி, ஸ்பீக்கருக்கு வருகிறேன். நீ குறித்த மூன்றில் அந்த உயரமானதை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடு. அதே காசு பெரிய பெட்டிக்கும், பாஸ் என்கிற அடி ஒலியைத் தருகிற ஊஃபர் கூடுதலாக இருப்பதற்கும் பங்கு பிரிந்துவிடும். அந்த அறையில் அவ்வளவு பாஸ் மூலையில் சேர்ந்து குமுறும். ஒரு ஊஃபர், கீச்சென்ற மேல் ஒலிக்கு ஒரு ட்வீட்டர் உள்ள சின்னப் பெட்டி வாங்கி, ட்வீட்டர் உன் காது உயரத்துக்கு வருகிற மாதிரி கனமான ஸ்டாண்டில் வை. 1970களில் பிபிசி பொறியாளர்கள் ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்துக் கேட்க எல்எஸ்3/5ஏ என்று ஒரு சின்னப் பெட்டி செய்தார்கள். அடிபாஸ் கிடையாது. ஆனால் குரல் என்றால் ஆள் எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். இன்றைக்கும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

மற்ற இரண்டில் ஒன்றின் சென்சிடிவிட்டி, அதாவது ஒரே சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, 84 டெசிபல், இன்னொன்று 87. மூன்றுதானே என்று விடாதே. அதே சத்தம் வருவதற்கு 84க்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். ஸ்பீக்கருக்குச் சக்தி தருகிற உன் ஆம்ப் 30 வாட்தான். அது போதாதென்று 84 பெட்டி 4 ஓம்; ஓம் குறைந்தால் ஆம்புக்குப் பாரம் கூடும். உன் ஆம்பின் பின்புறம் 6 முதல் 8 ஓம் என்று போட்டிருப்பதாக நீதான் எழுதியிருக்கிறாய். 87ஐ எடு.

இந்தத் தடவை ஒதுக்கியிருக்கிற பணம் போன வருடம் சொன்னதில் பாதிதான் இருக்கிறது. காரணம் கேட்கவில்லை. பழையது வாங்கினாலும் தப்பில்லை. ஊஃபரைச் சுற்றியிருக்கிற விளிம்பை விரலால் மெதுவாகத் தொட்டுப் பார். ஃபோம் என்றால் பதினைந்து இருபது வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் தாங்கும்.

கேட்காமல் வாங்காதே. உனக்கு மனப்பாடமான குரல் ஒன்றைக் கொண்டுபோ. இரண்டு பெட்டியையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேள். ஒன்று துளி கூடுதலாக ஒலித்தாலும், அது சத்தம் என்று தெரியாது, தெளிவு என்று தோன்றும். கூட மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு போ, அவருக்கு நல்ல காது. அவருக்கு வர முடியாது என்றால் நீ தனியாகவே போ. ஒன்றும் இல்லை.

சுவரிலிருந்து தள்ளி வை, பின்னால் ஓட்டை உள்ள பெட்டி என்றால் ஒன்றரை அடியாவது.

எனக்கு இதெல்லாம் சொல்லித்தர ஆசையாக இருக்கிறதே தவிர, உனக்குத் தெரியாதது இல்லை. பத்து வயதில், பாஸ் எங்கே போயிற்று என்று நான் ஒரு நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு பெட்டியில் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்தவள் நீ. அந்தப் பிள்ளை ஐந்து மாதமாக இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை. அம்மா தினமும் போனைப் பார்க்கிறாள். நானும்தான்.

இடது பக்க ட்வீட்டர் எரிந்தது உன்னால் இல்லை, பாப்பா. இதை நான் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். அன்று ராத்திரி எனக்கும் அம்மாவுக்கும் பேச்சு முற்றிவிட்டது. உன் காதில் விழக் கூடாதென்று வால்யூமைத் திருகிக்கொண்டே போனேன். அந்த 15 வாட் ஆம்ப் திணறிக் கரகரத்தது. சின்ன ஆம்பைச் சக்திக்கு மேல் விரட்டினால் ஒலி அலையின் முகடு வெட்டுப்படும்; அதனால் முடி மாதிரி இருக்கிற ட்வீட்டர் கம்பி தாங்க முடியாமல் சூடாகும். கருகின வாசனை வந்த பிறகுதான் நிறுத்தினேன். மறுநாள் நீ பாட்டுப் போட்டுவிட்டு, "அப்பா, இந்தப் பக்கம் கம்மியா கேக்குது" என்றாய். "நீதான் எதையோ திருகியிருக்கிறாய்" என்றேன். நீ அழக்கூட இல்லை. தலையை ஆட்டினாய். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் முடியும் வரை நீ அந்தப் பெட்டிப் பக்கம் வரவில்லை. அம்மாவுக்கும் தெரியும். அவளும் சொல்லவில்லை.

அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் எங்கள் பேச்சு உனக்குக் கேட்டிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. வீட்டில் நடப்பதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று உனக்குப் பழக்கினவன் நான்தான். எரிந்த ட்வீட்டர் இன்னும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

கம்பி எத்தனை மீட்டர் என்று கேட்டிருந்தாய். சாதாரணத் தடித்த செம்புக் கம்பி போதும், இரண்டு பக்கமும் ஒரே நீளம். அந்த நாற்காலி மட்டும்தான் என்றால் பக்கத்துக்கு 3 மீட்டர். சோபா போடுவதாக இருந்தால் 5. எது என்று எழுது, அல்லது கூப்பிட்டுச் சொல். அம்மா தூங்கின பிறகும் நான் விழித்துத்தான் இருக்கிறேன்.

அப்பா