எழுபதில் இன்னொரு தாலி

மதுரை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. திருக்கடையூரில் உனக்கு எழுபதாம் கல்யாணம், அதாவது பீமரத சாந்தி, வைத்தே தீருவோம் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். உனக்கோ பேரன் பேத்தி முன்னால் மாலையும் கழுத்துமாக உட்கார வெட்கமாக இருக்கிறது. அதுவரை சரி. 'காதலெல்லாம் தலை நரைக்கிற வரைக்கும்தான், இப்போது இருப்பது வெறும் பழக்கம், பழக்கத்துக்கு எதற்கு இன்னொரு தாலி' என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. படித்ததிலிருந்து மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் தங்கச்சிக்கு, அதாவது என் வீட்டுக்காரிக்கு, வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. ஆபரேஷன் சீக்கிரம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் பெரிய வேலை, சொட்டு மருந்து. முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து, இப்படிக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இவளுக்குத் தானாகப் போட்டுக்கொள்ள வராது. பாட்டிலைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். ஆகவே அந்த உத்தியோகம் எனக்கு. கையைக் கழுவிக்கொண்டு, கட்டிலில் படுக்க வைத்து, கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்து, பாட்டிலின் முனை கண்ணில் பட்டுவிடாமல் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். மருந்து இரண்டு. நடுவில் ஐந்து நிமிஷம் இடைவெளி. அந்த ஐந்து நிமிஷமும் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஊர்க்கதை பேசுவாள், நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ம் கொட்டுவேன்.

அப்படி ஒரு நாள் குனிந்தபோதுதான் பார்த்தேன், கருவிழி ஓரத்தில் எள்ளளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி. ஆபரேஷனில் ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போய்க் கேட்டால், "பிறந்ததுலேர்ந்து இருக்கு. அதிர்ஷ்டப் புள்ளின்னு எங்கம்மா சொல்லும். உங்களுக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்" என்கிறாள்.

எப்படித் தெரியும், சொல்லு? எங்கள் வீடு உனக்குத் தெரியாததா? திண்ணையில் அப்பா, கூடத்தில் பெரியப்பா. பகலில் பெண்டாட்டியோடு ரெண்டு வார்த்தை பேசினால் இருமல் சத்தம் வரும். ராத்திரியில் ஜீரோ வாட் பல்பு. சட்டைப் பையில் மல்லிகைப்பூவை ஒளித்து எடுத்துப் போனதெல்லாம் உண்மைதான், ஆனால் ஆளைப் பார்த்தது பாதி, மீதியை நாமே இட்டு நிரப்பிக்கொண்டது. அப்புறம் பிள்ளைகள், ஃபீஸ், வீட்டுக் கடன் என்று ஓடியதில் அதுவும் இல்லை.

பழக்கம் என்றால் இருட்டில் சட்டைப் பொத்தான் போடுவது மாதிரி, பார்க்கவே வேண்டியதில்லை. எனக்கு நடப்பது நேர் எதிர். இந்த வயதில்தான் பார்க்கவே ஆரம்பித்திருக்கிறேன்.

அவள் பங்குக்கும் கேள். புரை விழுந்த லென்ஸ் மஞ்சள் பூத்திருக்குமாம். புதிது வைத்ததும் வெள்ளையெல்லாம் லேசாக நீலம் போட்டதுபோலத் தெரியும். கட்டுப் பிரித்ததும் என் வேட்டியைப் பிடித்துப் பார்த்து, "இவ்வளவு வெள்ளையாவா இருக்கு? பழுப்பேறிப் போச்சுன்னு சோப்பை மாத்தினேனே" என்றாள். அப்புறம் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். "என்னங்க இது, இப்படிக் கிழவனாயிட்டீங்க!" பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் வீடு வரைக்கும் என் கையை விடவில்லை. பட்டப்பகல்!

கல்லூரியில் நற்றிணை பத்தாம் பாட்டை நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? உடன்போக்கு, காதலனோடு ஊரைவிட்டுப் போவது. தலைவியைத் தலைவன் கையில் ஒப்படைக்கும்போது தோழி சொல்கிறாள்: இவள் மார்பு தளர்ந்தாலும், நீண்ட கூந்தல் நரைத்தாலும் கைவிட்டுவிடாதே, சோழர் படைத்தலைவன் பழையனின் வேல் போலப் பிழைக்காத உன் சொல்லை நம்பி வந்தவள். 'தளரினும்' என்ற இடத்தில் கடைசி பெஞ்சில் நாம் சிரித்த சிரிப்பு! கட்டிளங்காளை ஒருத்தன் ஊரைவிட்டுக் கூட்டிக்கொண்டு ஓடுகிற ராத்திரியில் நரையைப் பற்றிப் பேசுகிறாளே என்று அப்போது வேடிக்கையாக இருந்தது. இப்போது படித்தால், அவ்வளவு கெட்டிக்காரியும் கொஞ்சமாகத்தான் கேட்டிருக்கிறாள் என்று தோன்றுகிறது. கைவிடாமல் இருப்பது ஊருக்குப் பயந்தும் நடக்கும், சோற்றுக்காகவும் நடக்கும். ஒரே கூரையின் கீழ் ஜென்மப் பகையாக வாழ்ந்து முடித்தவர்களை நம் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறோம். வருஷம் ஏறினால் அன்பு தானாக ஏறும் என்று நான் சொல்ல வரவில்லை.

நீ போகிற ஊர் எது என்று யோசித்தாயா? மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த இடம். அபிராமியிடம் பட்டர் கேட்ட பட்டியலில் குன்றாத இளமையும் இருக்கிறது, அன்பகலாத மனைவியும் இருக்கிறது. முதலாவது உனக்கும் எனக்கும் கிடைக்கவில்லை. இரண்டாவது வீட்டிலேயே இருக்கும்போது பழக்கம், வழக்கம் என்று பேசிக்கொண்டிருக்காதே. அந்தக் கடிதத்தை என் தங்கச்சி படித்திருந்தால் உனக்கு அன்றைக்குக் காப்பி கிடைத்திருக்காது.

நாங்கள் கட்டாயம் வருகிறோம். சொட்டு மருந்து முடிகிற வரை இவள் ஹோமப் புகையில் உட்காரக் கூடாது என்று நினைக்கிறேன், ஆகவே தேதியை அடுத்த மாதக் கடைசிக்குத் தள்ள முடியுமா என்று பிள்ளைகளைக் கேட்டுப் பார். நட்சத்திரம் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்றால் விடு, தூரத்தில் நின்று பார்த்துக்கொள்கிறோம். ரூம் போடும்போது எங்களுக்குக் கீழ்த்தளமாகப் பார்த்துப் போடச் சொல், இவளுக்கு முழங்கால் வலி.

உன் பழைய
கடைசி பெஞ்சுக்காரன்